உழக்குத் தவிடு

பாலினம் என்ற வரிக்கு எதிரே கறுப்பு மையால் பட்டையாக அடித்திருந்தார்கள். நான்கு பக்க அறிக்கையில் கௌசல்யாவின் கண் போய் நின்ற இடம் அதுதான். மற்ற எதுவும் அவளுக்குப் புரியவில்லை.

"அது சட்டம்மா," என்றார் டாக்டர் ஆல்வின். "ஆணா பொண்ணான்னு யாருக்கும் சொல்லக் கூடாது. நாம பார்க்க வேண்டியது இந்த வரி."

அவர் பேனாவால் தொட்ட வரியில் எண்களும் ஆங்கில எழுத்துகளும் இடைவெளி இல்லாமல் ஓடின.

2009, ஜூன் மாதக் கடைசி. மதுரையில் ஒரு மருத்துவமனையின் மூன்றாவது மாடி. பன்னிரண்டாவது வார ஸ்கேனில் குழந்தையின் பிடரியில் நீர் கொஞ்சம் அதிகம் என்றார்கள். பதினாறாவது வாரம் வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுத்தார்கள். கூடவே கௌசல்யாவின் ரத்தம், அவள் கணவன் மூக்கையாவின் ரத்தம். எல்லாம் விமானம் ஏறி வெளிநாட்டுக்குப் போய், மூன்று வாரம் கழித்து நான்கு தாள்களாகத் திரும்பி வந்திருந்தன.

"பதினாறாவது குரோமோசோம். அதுல குட்டைக் கைன்னு ஒரு பகுதி. அங்க ஒரு சின்னத் துண்டு டூப்ளிகேட் ஆயிருக்கு."

"குட்டக் கையா?" என்றாள் பேச்சாயி. மூக்கையாவின் அம்மா. வரவேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஒவ்வொரு தடவையும் கூடவே வந்துவிடுவாள். "எந்தக் கை சார்? சோத்துக் கையா, பீச்சாங்கையா?"

"குழந்தையோட கை இல்லம்மா. குரோமோசோமோட கை."

"டூப்ளிகேட்டுன்னீகளே. அப்ப எம் மகன் புள்ள டூப்ளிகேட்டா?"

"யம்மா, சும்மா இரும்மா," என்றான் மூக்கையா.

டாக்டர் சிரிக்கவில்லை. சென்னையில் வளர்ந்தவர். பொறுமைசாலி. "ஒரு புத்தகம் அச்சடிக்கிறாங்க. நூத்திப் பன்னெண்டாம் பக்கம் மட்டும் ரெண்டு தடவை சேர்ந்து பைண்ட் ஆயிருச்சு. கதை மாறல. ஆனா படிக்கிறவன் அந்த இடத்துல தடுமாறலாம். தடுமாறாமலும் போகலாம்."

"தடுமாறினா என்னாகுங்க?" என்று கேட்டாள் கௌசல்யா.

"பேச்சு லேட்டாகலாம். வலிப்பு வரலாம். படிப்பு ஏறாம இருக்கலாம். ஒண்ணுமே இல்லாமயும் இருக்கலாம். உலகம் முழுக்கவே கொஞ்சப் பேரைத்தான் இதுவரைக்கும் கண்டுபிடிச்சு எழுதி வச்சிருக்காங்க. நூத்துக்கு இத்தனைன்னு என்னால சொல்ல முடியாது. சொன்னா அது பொய்." அவர் தாளைத் திருப்பினார். "ஆனா ஒரு நல்ல செய்தி இருக்கு. அதே துண்டு, அதே அளவுல, உங்க கணவர்கிட்டயும் இருக்கு."

முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்த பேச்சாயியின் விரல்கள் நின்றன.

"எங்கிட்டயா?" என்றான் மூக்கையா. தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான், அங்கே தெரியும் என்பதுபோல.

"ஆமா. நீங்க நல்லா இருக்கீங்க. படிச்சிருக்கீங்க, ஸ்பின்னிங் மில்லுல லேப் சூப்பர்வைசரா இருக்கீங்க." டாக்டர் கோப்பின் முதல் பக்கத்தை எடுத்தார். முதல் தடவை வந்தபோது அவரே வரைந்த குடும்பப் படம். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்கள்மேல் குறுக்காக ஒரு கோடு. மூக்கையாவின் கட்டம் தனியாக இருந்தது. "கூடப் பிறந்தவங்க இல்ல. சின்ன வயசுல தவறினதும் யாரும் இல்ல. அம்மாதானே சொன்னாங்க?"

"ஒத்தப் புள்ள," என்றாள் பேச்சாயி.

"அப்போ இது உங்க குடும்பத்துல தொந்தரவு பண்ணாத துண்டுன்னு நினைக்க இடம் இருக்கு. ஆனா உறுதி கிடையாது. முடிவு நீங்கதான் எடுக்கணும். வர்ற ஞாயித்துக்கிழமையோட இருபது வாரம். அதுக்கு மேல கலைக்கச் சட்டம் விடாது. வெள்ளிக்கிழமை வந்து சொல்லுங்க." கடைசியாக ஒன்று கேட்டார். "அசைவு தெரிய ஆரம்பிச்சிருச்சா?"

"இன்னும் இல்லீங்க," என்றாள் கௌசல்யா.

கல்யாணமாகி ஏழு வருடம். முன்பு ஒருமுறை மூன்றாம் மாதத்தில் கரு கலைந்துபோனது. அவளுக்கு முப்பத்து மூன்று வயது. திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் யு.கே.ஜி. குழந்தைகளுக்கு டீச்சர்.

வெளியே கவுண்டரில் கோப்பை வாங்கிக்கொண்டவள் ஷரீஃபா. திண்டுக்கல்லிலிருந்து தினமும் வந்துபோகிற பெண். பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்து மூக்கையாவின் முகத்தைப் பார்த்தாள். அவன் வலது மூக்கில், மிளகு அளவு, தூர்ந்துபோன துளையின் தழும்பு.

"திண்டுக்கல்லாண்ணே? நான் பேகம்பூர். பேரப் பாத்ததுமே நெனச்சேன், நம்ம பக்கம்னு. மூக்கும் குத்தியிருக்கு." தாள்களைச் சேர்த்து ஸ்டேப்ளரை அழுத்தினாள். "உங்களுக்கு முன்னாடி எத்தனைண்ணே போச்சு?"

"என்னது?"

"புள்ளைங்கண்ணே. முன்னாடி பொறந்தது தங்கலைன்னாத்தான அடுத்ததுக்கு மூக்கக் குத்தி இந்தப் பேர வைப்பாங்க? எங்க தெருவுல ஒரு மூக்கன் இருந்தாரு. அவருக்கு முன்னால மூணு."

"எங்க தாத்தா பேரு அது," என்றான் மூக்கையா.

"அப்பச் சரி," என்று ஷரீஃபா அடுத்த கோப்பை எடுத்தாள்.

கௌசல்யா ஒட்டன்சத்திரத்துக்காரி. அவள் சொந்தத்தில் மூக்கையா என்று ஒருவரும் இல்லை. அந்தப் பெயருக்கு அப்படி ஒரு காரணம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே இல்லை. மூட்டு வலி என்று லிஃப்டுக்கு அரைமணி நேரம் காத்து நிற்கிறவள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வந்து படுக்கை விரிப்பை மாற்றும்போது, தன் தலையணைக்கு அடியில் ஒரு துணி முடிச்சைக் கண்டாள் கௌசல்யா. அவிழ்த்தாள். தவிடு. புதிதாக அரைத்த வாசம் போகாத தவிடு, ஓர் உழக்கு இருக்கும். அவர்கள் வீட்டில் மாடும் இல்லை, கோழியும் இல்லை.

"இது என்னங்கத்தே?"

"தவுடு."

"தெரியுதுங்க. எதுக்கு?"

"கெடக்கட்டும் தாயி. எடுத்துறாத."

சாயங்காலம் மூக்கையா மில்லிலிருந்து வந்தான். வடமதுரை ரோட்டில் இருக்கும் மில். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக் குழாயடியில் கால் கழுவினான். இடது கெண்டைக்காலில் வெற்றிலை வடிவத்தில் ஒரு பழைய தீக்காயத் தழும்பு உண்டு. எப்போது பட்டது என்று கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறாள். விவரம் தெரிவதற்கு முன்னாடி என்பான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

"ஏனுங்க, நம்ம டாக்டர் சொன்ன நல்ல சேதி எதுமேல நிக்குது? உங்களுக்கு முன்னாடி யாருமில்லங்கிறது மேலதானே நிக்குது?"

அவன் கொடியிலிருந்து துண்டை எடுத்தான். வேறு எதையோ பேசுவதுபோல், தன் வேலையைப் பற்றிச் சொன்னான்.

"எங்க லேப்ல ஒரு மிசின் இருக்கு. நூலை உள்ள ஓட விட்டா, எங்க தடிப்பு, எங்க மெலிவுன்னு எண்ணிக் குடுத்துரும். தடிப்பு இல்லாத நூலே கெடையாது. ஆயிரம் மீட்டருக்கு இம்புட்டு இருக்கலாம்னு ஒரு கணக்கு. ஆனா அந்தத் தடிப்பு தறியில அறுக்குமா அறுக்காதான்னு மிசினுக்குத் தெரியாது."

"யாருக்குத் தெரியும்?"

"நெய்யிறவனுக்கு."

"அதும் நெய்ஞ்ச பொறகுதானுங்களே?"

அவன் துண்டால் முகத்தை மூடித் துடைத்துக்கொண்டே இருந்தான். வெகுநேரம்.

புதன்கிழமை காலை கௌசல்யா பள்ளிக்கு லீவு சொன்னாள். பேச்சாயி சமையலறைத் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வெளியே ஆனிக் காற்று. தெருவில் ஏதோ ஒரு வீட்டுத் தகரம் விட்டு விட்டுத் தட்டிக்கொண்டிருந்தது.

"அத்தே, இவருக்கு முன்னாடி ஒருத்தர் இருந்தாருங்களா?"

பேச்சாயி நிமிரவில்லை. கீரைக் காம்பைக் கிள்ளிப் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். கடைசியில் கீரையிடமே சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஒண்ணு இருந்துச்சு. அஞ்சு வருசம் இருந்துச்சு. மூணு வயசு வரைக்கும் நடக்கல. வாயத் தொறந்து ஒரு சொல்லு சொன்னதில்ல. கூப்புட்டாத் திரும்பிப் பாக்கும், அம்புட்டுத்தான். செவத்தப் பாத்து உக்காந்து முன்னுக்கும் பின்னுக்கும் ஆடிக்கிட்டே இருக்கும். நெத்தி வீங்குற வரைக்கும் முட்டும்."

"பேரு?"

"பேரச் சொல்ல மாட்டேன்."

"எப்படிங்கத்தே போச்சு?"

"போச்சுன்னா போச்சு. வாய்க்காக் கரையில பொதச்சோம். அத எண்ணக் கூடாது. எண்ணுனா அது வந்து சேந்துக்கிரும். டாக்டரு கேட்டாரேன்னு நான் எண்ணிச் சொல்ல முடியுமா?" இப்போதுதான் அவள் கௌசல்யாவின் முகத்தைப் பார்த்தாள். "எம் மகன்கிட்ட கூடுதலா ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்குன்னு அந்த டாக்டரு சொன்னாருல்ல? அது யாருன்னு எனக்குத் தெரியும் தாயி. முப்பது வருசமா அவனை விட்டுப் போகல. இப்ப ஒன் வயித்துல எறங்கிருச்சு. அங்க வெளிநாட்டுல மிசின் வச்சுப் பாத்திருக்கான், அவனுக்கே தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியாதா? கலச்சிரு."

"நான் பாத்திருக்கேன்," என்றான் மூக்கையா.

மில் சீருடையோடு நிலைப்படியில் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று இருவருக்கும் தெரியாது.

"ஒரு சின்னக் குழி. பக்கத்துல தண்ணி ஓடுது. நீ மாருல அடிச்சுக்கிட்டு அழுகுற. பச்சைச் சட்டை போட்ட ஒரு பயல உள்ள எறக்குறாக. முகம் தெரியல. நான் யாரு இடுப்புலயோ இருக்கேன். எனக்கு இருக்குறதுலயே பழைய ஞாபகம் அதுதாம்மா. கனவுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

பேச்சாயி முருங்கைக்கீரை முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து கொல்லைக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் கௌசல்யா டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். "அப்படி ஒரு அண்ணன் இருந்திருந்தா விஷயம் வேறம்மா. அந்தத் துண்டு அவர்கிட்டயும் இருந்திருக்கலாம். எப்படி இறந்தார்? வலிப்பா, காய்ச்சலா? தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கேட்டுட்டு வாங்க. எதுக்கும் வெள்ளிக்கிழமை வெறும் வயித்தோட வாங்க."

வெறும் வயிற்றோடு என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். ஒரு துண்டு, இரண்டு பழைய நைட்டி, ஒரு டம்ளர் என்று பையில் எடுத்து வைத்தாள். வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் வகுப்பிலும் பேசாத குழந்தை ஒன்று உண்டு. வருகைப் பதிவில் அதன் பெயரைக் கூப்பிடும்போது தலையை மட்டும் திருப்பும். அது திரும்புகிற வரைக்கும் அவள் அடுத்த பெயரைக் கூப்பிடுவதில்லை. பிற குழந்தைகள் சலித்துக்கொள்ளும்.

தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். செபாஸ்தியம்மாள். சித்தையன்கோட்டைக்குப் பக்கத்தில், மூக்கையா பிறந்த ஊரில், கோயில் தெருவில் இருக்கிற கிறிஸ்தவப் பெண்மணி. மூக்கையா அவளைத் தவுட்டம்மா என்று கூப்பிடுவான். சின்ன வயதில் நோஞ்சானாக இருந்த தன்னை அவளுக்கு விற்று, ஓர் உழக்குத் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள் என்று அவன் கௌசல்யாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். எமன் ஏமாந்துபோவானாம், இது அந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று. கிறிஸ்துமஸுக்கு வருடம் தவறாமல் அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுப்பான். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்று எல்லா வீட்டிலும் கேலி பேசுவதுதான். அதற்கு மேல் அவன் அதை யோசித்ததில்லை.

வியாழக்கிழமை பத்து மணி பஸ்ஸில் செம்பட்டி வழியாகப் போனார்கள். செபாஸ்தியம்மாள் வாசல் நிழலில் கால் நீட்டிப் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே டி.வி. ஓடியது. எழுபதைத் தாண்டியும் விரல் வேகம் குறையவில்லை.

"ஏலே அப்பு! டிசம்பரு மாசம் வர்றவன் ஆனியில வந்து நிக்கிற? வா தாயி, வயித்தத் தூக்கிக்கிட்டு இந்த வெயில்ல ஏன் வந்த? செத்த உக்காரு. மோரு குடிக்கியா?"

மூக்கையா உட்காரவில்லை. "தவுட்டம்மா, எனக்கு முன்னாடி பொறந்தவன் எப்படிச் செத்தான்?"

பூ கட்டிய விரல் நின்றது. "செத்தான்னு எவன்டா சொன்னது?"

"அம்மா சொன்னுச்சு."

"பேச்சாயியா? அவ இன்னும் அந்தக் குழிய மூடலையா?" செபாஸ்தியம்மாள் சிரித்தாள். பல் இல்லாத சிரிப்பு.

"நானே பாத்தேன் தவுட்டம்மா. வாய்க்காக் கரையில குழி தோண்டுனது, பச்சைச் சட்டை போட்டவனை எறக்குனது, எல்லாம்."

"எங்கன நின்னு பாத்த?"

"நிக்கல. யாரோ இடுப்புல வச்சிருந்தாக."

"யாரு இடுப்பு?"

மூக்கையா நெற்றியைத் தேய்த்தான்.

"எலே, என் இடுப்புலதான்டா இருந்த. அஞ்சு வயசுக் கழுத, என்னா கனம்! எறக்கி விட்டா ஓடிப் போயிருவன்னு பிடிச்சு வச்சுக்கிட்டு நின்னேன். ஒன்னயத்தான்டா பொதச்சோம்."

கௌசல்யா வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"ஒனக்கு முன்னாடி ஒருத்தனும் பொறக்கல," என்றாள் செபாஸ்தியம்மாள். "நீதான் நடக்கல, பேசல, செவத்துல முட்டிக்கிட்டு கெடந்த. ஒங்கம்மா உடுக்கடிச்சுக் குறி சொல்லுற ஒரு கோடாங்கிகிட்டப் போனா. அவன் சொல்லிட்டான், இதுக்குள்ள இருக்குறது ஒன் புள்ள இல்ல, இத மண்ணுல விட்டுட்டு வேற புள்ள வாங்கிக்கன்னு. தவுட்டப் பெசஞ்சு ஓம் பருமனுக்கு ஒரு பொம்ம செஞ்சாக. ஒன் பச்சைச் சட்டையக் கழட்டி அதுக்குப் போட்டாக. வேதக்காரி நான், இதுக்கெல்லாம் போனா எங்க சர்ச்சு சாமியாரு வைவாரு. பாவம்னு போயி நின்னேன். உங்கம்மா அழுத அழுக இருக்கே, எனக்கே குலை நடுங்கிப்போச்சு. நெசமாவே செத்தவனுக்கு அழுகுற அழுக. பொறவு ஒன்ன எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து, மூக்கக் குத்தி, பின்வாசல் வழியா அவ கையில குடுத்தேன். ஒரு உழக்குத் தவுடு அளந்து குடுத்தா. மூக்கையான்னு பேரு வச்சேன். முடிஞ்சது."

"அதுக்குப் பெறகு பேசினேனா?"

"ஒடனேயா பேசுன? மூணு மாசம் கழிச்சு. கோழி ஒண்ணு ஒன் சோத்துல வாய வச்சுச்சு. அதப் பாத்து 'போ'ன்ன. ஊரே கூடிருச்சு, என்னமோ சட்டசபையில பேசுன மாதிரி." அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "நம்பலையா? காலத் தூக்கு. ரெண்டு வயசுல தவந்து போயி, நெல்லு அவிக்கிற அடுப்புக்குள்ள காலக் குடுத்துட்ட. வெத்தல மாதிரி இருக்கும். அது பொதச்ச பயலுக்குப் பட்டது. ஒங்கால்லதான இருக்கு?"

மூக்கையா குனியவில்லை. கௌசல்யாதான் அவன் காலைப் பார்த்தாள். பார்க்கத் தேவையே இல்லை.

"அப்ப இவரு பேரு என்னங்க?" என்று கேட்டாள்.

செபாஸ்தியம்மாள் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். யாரும் இல்லை. இருந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பெரியகருப்பன். அன்னைக்கோட விட்டாச்சு. ஊருல ஒருத்தரும் அந்தப் பேரு சொல்லி இவனைக் கூப்புட்டதில்ல. கூப்புட்டாத் திரும்பிப் பாத்துருவான்னு."

"யாரு திரும்பிப் பாத்துருவான்னு?"

"அதான் எனக்கும் வெளங்கல தாயி," என்று சொல்லிவிட்டு அவள் பூவை எடுத்துக்கொண்டாள்.

மத்தியான பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. மூக்கையா ஒன்றும் சொல்லாமல் வாய்க்கால் கரை வழியாக நடந்தான். கௌசல்யா பின்னால் போனாள். உச்சி வெயில். நெல் அறுத்த வயல்கள், அதற்கப்பால் தென்னை. காற்று மட்டும் நிற்காமல் அடித்தது. மனித நடமாட்டம் இல்லை. ஓரிடத்தில் அவன் நின்று தரையைப் பார்த்தான். அங்கே அருகம்புல்லைத் தவிர ஒன்றும் இல்லை. மறுபடி நடந்தான்.

பத்தடி பின்னால் நின்று அவள் அந்த முதுகைப் பார்த்தாள். ஏழு வருடமாகத் தெரிந்த முதுகு. இடது தோள் சற்று இறங்கியிருக்கும். கவலையில் இருந்தால் நின்ற இடத்திலேயே முன்னுக்கும் பின்னுக்கும் லேசாக ஆடுவான். அதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். பஸ் நிறுத்தத்தில், வங்கி வரிசையில், அவளுக்கு முதல் கரு கலைந்தபோது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில். அது பழக்கம் என்று நினைத்திருந்தாள். இப்போது அது யாருடைய ஆட்டம் என்று யோசித்தாள். இதில் எது மூக்கையா, எது அந்தத் துண்டு? எங்கே பிரித்து ஒன்றைப் புதைப்பது?

வேண்டுமென்றே, வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரலில், கூப்பிட்டாள்.

"பெரியகருப்பா."

அவன் திரும்பவில்லை. காற்று எதிரே அடித்தது, கேட்டிருக்காது.

ஆனால் அவள் தொப்புளுக்குக் கீழே, உள்ளிருந்து, எதுவோ புரண்டது. மீன் வாலால் தட்டுவதுபோல ஒரு முறை. டாக்டர் கேட்ட அந்த அசைவு. அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். பத்தொன்பது வாரம் முடிந்தால் அசைவு தெரியும், அதற்கும் பெயருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று டாக்டர் சொல்வார். அதை அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். பிறகு குரலை உயர்த்தி, இன்னொரு முறை கூப்பிட்டாள்.

"பெரியகருப்பா!"

இந்த முறை மூக்கையா திரும்பினான். முதலில் தலை, அதன் பிறகு தோள், கடைசியாகத்தான் கண் அவளைத் தேடி வந்தது. அந்த முகத்தில் ஒரு கணம் அவளுக்கு அறிமுகமில்லாத ஒரு கவனம் இருந்தது. ஐந்து வயதுப் பையனின் கவனம்.

"யாரைக் கூப்பிட்ட?" என்றான். குரல் அவனுடையதுதான்.

"உங்களத்தானுங்க. பஸ்ஸு வந்துரும்," என்றாள்.

வெள்ளிக்கிழமை அவள் வெறும் வயிற்றோடு போகவில்லை. ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் இறங்கி, மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பையை வீட்டிலேயே விட்டுவிட்டாள்.

டாக்டர் ஆல்வின் குடும்பப் படத்தை எடுத்து, மூக்கையாவின் கட்டத்துக்கு இடப்பக்கம் இன்னொரு கட்டம் வரைந்தார். "அண்ணன் பேரு?"

"பெரியகருப்பன்," என்றான் மூக்கையா. அந்தப் பெயரை அவன் வாயால் சொல்வது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு உதட்டைத் தடவிக்கொண்டான்.

டாக்டர் கட்டத்தின்மேல் குறுக்குக் கோடு போடப் பேனாவைச் சாய்த்தார்.

"அடிச்சிராதீங்க டாக்டர்," என்றாள் கௌசல்யா. "அவரு சாகல."

அவர்கள் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. டாக்டர் இரண்டு தடவை நிறுத்தி, திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டார். நடக்கத் தொடங்கியது மூன்று வயதில், பேசியது ஐந்து வயதுக்கு மேல். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்போ திங்கக்கிழமை நான் சொன்ன நல்ல செய்தி இல்லாமப் போச்சும்மா. அந்தத் துண்டு இவர்கிட்ட வேலை பார்த்திருக்கு. இவர் மீண்டு வந்துட்டார். குழந்தைக்கு இவரை விடக் குறைவா இருக்கலாம், ஒண்ணும் இல்லாமலே போகலாம். இவரை விட அதிகமாவும் இருக்கலாம். அஞ்சு வயசுக்கு மேலயும் பேசாமலே போகலாம். அப்பா மாதிரியே வந்துரும்னு நெனச்சு முடிவெடுக்காதீங்க."

"அப்படி நெனைக்கலீங்க."

"அப்புறம்?"

"பேரு சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்குமுங்க. எனக்கு அது போதும். வச்சுக்கறேன்."

டாக்டர் மூக்கையாவைப் பார்த்தார்.

"அவ சொன்னதுதான் சார்," என்றான் மூக்கையா. அவன் கட்டங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வரைந்துவிட்ட கட்டத்தை என்ன செய்வது என்று டாக்டருக்குத் தெரியவில்லை. பேனாவில் போட்டது, அழிக்க முடியாது. கொஞ்சம் யோசித்து, இரண்டு கட்டங்களையும் ஒரு கோட்டால் இணைத்து, அதன் மேல் ஆங்கிலத்தில் 'ஒரே நபர்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அசைவைப் பற்றிக் கேட்டார். தெரிகிறது என்றாள் கௌசல்யா. எப்போதிலிருந்து என்று கேட்டார். நேற்றிலிருந்து என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை.

அவர்கள் வீடு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. பேச்சாயி கதவைத் திறந்தாள். எடுத்ததும் கௌசல்யாவின் வயிற்றைத்தான் பார்த்தாள். பிறகு மூலையில் அப்படியே இருந்த பையை. பிறகு மகனை. மகன் செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் கண்ணைப் பார்க்காமல் குழாயடிக்குப் போனான். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"செபாஸ்தியாகிட்டப் போனீகளாக்கும்," என்றாள் பேச்சாயி.

"ஆமாங்கத்தே."

"அவ பேரச் சொல்லிருப்பாளே."

"சொன்னாங்க."

பேச்சாயி குழாயடிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்று இருந்தன. "கூப்புட்டியா?"

"கூப்பிட்டேனுங்க. ரெண்டு தடவ."

"யாரு திரும்பிப் பாத்தது?"

கௌசல்யாவுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"ரெண்டு பேரும்."

பேச்சாயி வெகுநேரம் அந்தக் கையை விடவில்லை. அழுவாள் என்று கௌசல்யா எதிர்பார்த்தாள். அழவில்லை. உள்ளே போய்த் தலையணைக்கு அடியிலிருந்த துணி முடிச்சை எடுத்து வந்தாள். எறியப் போகிறாள் என்று நினைத்தபோது, அவள் முடிச்சை அவிழ்த்து, தவிட்டில் வண்டு விழுந்திருக்கிறதா என்று விரலால் அளைந்து பார்த்தாள். மறுபடி இறுக்கிக் கட்டினாள். ஒரு சில்வர் டப்பாவுக்குள் போட்டு, மூடியை அழுத்தி, பரணில் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள்.

"நல்லாக் காஞ்ச தவுடு," என்றாள். "அஞ்சு வருசம் கெடாது."

எடுத்து எறியச் சொல்லிக் கௌசல்யாவும் சொல்லவில்லை.